சாமி சொல்லும் ரைட்

ஜீயபுரம்,
ஜூன் முதல் வாரம்.

அன்புள்ள ஹம்ஸா பாப்பாவுக்கு, டிரைவர் மாமா பிச்சமுத்து எழுதுவது.

நீ இருக்கும் ராட்டர்டாமில் குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே வெயில் விட்டபாடில்லை. பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கொஞ்சம் வாழை போட்டேன் அல்லவா, போன வாரக் காற்றில் பாதி சாய்ந்துவிட்டது. உன் வீராயி அத்தை, பஸ் ஓட்டினவருக்கு வாழை எதற்கு என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மற்றபடி நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். நன்றாக இல்லாதது ஸ்ரீரங்கத்தில் உன் வீடுதான்.

நீ வாட்ஸ்அப்பில் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதிலேயே பதில் போடலாம் என்று பார்த்தால் என் கட்டைவிரல் ஒரு எழுத்தை அழுத்தினால் மூன்று விழுகிறது. பேசி அனுப்பலாம் என்றால், பாதியில் நான் அழுதுவிடுவேன், அதைக் கேட்டு நீ அங்கே தனியாக அழுவாய். அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். வெளிநாட்டுக் கடிதம் போய்ச்சேர நாளாகும் என்று போஸ்ட் ஆபீஸில் சொன்னார்கள். ஆகட்டும், இது அவசரமாகச் சொல்லக்கூடிய பதில் இல்லை.

நீ கேட்டது எனக்கு நன்றாகப் புரிந்தது. உன்னோடு வேலை செய்யும் ஆசீர் தம்பியைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுவதாக மாசி மாதம் ஒரு சாயங்காலம் அப்பாவிடம் போனில் சொல்லியிருக்கிறாய். அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் அவரிடம் சொல்லியிருக்கிறாய். அவர் கோபப்படவில்லை, சந்தோஷப்படவும் இல்லை, "நாளைக்குச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டார். மறுநாள் காலையில் குளிக்கப் போன இடத்தில் விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவர் வாயில் மிச்சம் இருந்தது "ரைட்" என்ற ஒரு சொல்தான். போன மாதம் வீடியோ காலில் நீ அதே கேள்வியைக் கேட்டாய். அவர் ரைட் என்றார். உனக்கு அது சம்மதம் என்று தோன்றுகிறது. அம்மாவோ, பூனைக்கும் ரைட், மழைக்கும் ரைட், இதுக்கும் ரைட், அது ஒரு பதிலா என்கிறார். அதனால், "அப்பா பின்னால நின்னு சொல்ற ரைட்டைக் கேட்டே வண்டி ஓட்டினவர் நீங்கதான் மாமா, நீங்க போய்க் கேட்டுட்டுச் சொல்லுங்கோ" என்று என் தலையில் வைத்துவிட்டாய்.

முதலில் அவர் உடம்பைச் சொல்கிறேன். தடியை ஊன்றி வாசல் வரைக்கும் நடக்கிறார். வலது கை இன்னும் வரவில்லை. சுகர் இறங்கியிருக்கிறது, பிரஷர் ஏறி இறங்கி விளையாடுகிறது. கேட்பது எல்லாம் அவருக்குப் புரிகிறது என்றுதான் டாக்டர் சொல்கிறார். சொல்லத்தான் வார்த்தை வருவதில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க ரஞ்சனி என்று ஒரு பெண் வீட்டுக்கு வருகிறது. நல்ல பொறுமைசாலி. யானைப் படத்தைக் காட்டி, "இது என்ன சார், சொல்லுங்க" என்று கேட்கும். அவர் அந்த யானையை மரியாதையாகப் பார்த்துவிட்டு, ரைட் என்பார். எனக்குச் சிரிப்பும் வரும், எழுந்து வெளியே போகவும் தோன்றும். எழுதிக் காட்டட்டும் என்று நீ சொல்லலாம். இடது கையில் பேனாவைக் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது, எழுத்தும் போய்விட்டது. தலையாட்டச் சொல்லலாம் என்றால் அதிலும் குழப்பம். உங்கள் பெயர் ஸ்ரீனிவாசராகவனா என்றால் தலையாட்டுகிறார். உங்கள் பெயர் ரகுநந்தனா என்றாலும் ஆட்டுகிறார். அப்புறம் தான் செய்தது தப்பு என்று அவருக்கே தெரிந்து முகம் சுருங்கிப்போகிறது.

இந்த ஒரு சொல் மட்டும் எப்படி நின்றது என்று அம்மா ரஞ்சனியிடம் கேட்டார். எந்தச் சொல் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதிகம் புழங்கியது சில பேருக்கு நிற்கும் என்று அந்தப் பெண் சொன்னது. உன் அப்பா அளவுக்கு அதைப் புழங்கியவர் எங்கள் டெப்போவிலேயே கிடையாது. மற்ற கண்டக்டர்கள் விசில் ஊதுவார்கள். நான் சாமி என்று கூப்பிடும் உன் அப்பா மட்டும் ஊதமாட்டார். வாயில் வைத்த விசிலைத் தொட்ட கையால் ஜனங்களுக்கு டிக்கெட் கொடுப்பது எச்சில் என்பார். டிக்கெட் கிழிக்க எல்லாரும் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டால், இவர் பையில் சோப்பு டப்பாவில் ஈர ஸ்பாஞ்சு வைத்திருப்பார். பிறகு டிக்கெட் மெஷின் வந்து, எல்லாரையும் அந்த எச்சிலிலிருந்து காப்பாற்றியது. விசில் மட்டும் கடைசி வரைக்கும் கழுத்தில் நகை மாதிரி தொங்கியதே தவிர வாய்க்குப் போகவில்லை. எல்லாம் குரல்தான்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்டவாய்த்தலை வரைக்கும் அந்தக் குரல் என் முதுகில் கேட்டுக்கொண்டே வரும். வெட்டினாற்போல ஒரு ரைட் சொன்னால் கிளம்பு. இழுத்து "ரைட்டேய்" என்றால் கூடைக்கார அம்மா இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது, மெல்ல நகர்த்து. படபடவென்று மூன்று நாலு சேர்ந்து வந்தால் காலேஜ் பையன்கள் படியில் தொங்க ஓடிவருகிறார்கள், அதற்குள் எடு. ரொம்ப மரியாதையாக வந்தால் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறிவிட்டார், ஒழுங்காக ஓட்டு. குடித்துவிட்டு வம்பு பண்ணுகிறவனிடம் "ரைட்டு, உக்காருங்க" என்றால் அது வாயை மூடு என்று அர்த்தம். குடமுருட்டிப் பாலத்தருகே யாருடைய சவ ஊர்வலமாவது எதிரே வந்தால், அது போய் முடிந்த பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல ஒன்று சொல்வார். நானும் சத்தமில்லாமல் கியரைப் போடுவேன்.

இதையெல்லாம் நம்பித்தான் நீ என்னைக் கேட்டிருக்கிறாய். நானும் நம்பினேன் பாப்பா. அவர் வீட்டுக்கு வந்த புதிதில் உன் அம்மா ஒவ்வொன்றுக்கும், "முத்து, இப்போ என்ன கேக்கறார்?" என்பார். நான் பெரிய மேதாவி மாதிரி, காபி கேட்கிறார், ஃபேனைக் குறைக்கச் சொல்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி சரியாகவும் இருந்தது.

ஆனால் சித்திரைத் தேரன்று நடந்ததைக் கேள். தூரத்திலிருந்தாவது தேரைக் காட்டலாம் என்று அவரை எழுப்பி, இரண்டு கையாலும் பிடித்து வாசற்படியில் இறக்கினேன். பாதியில் "ரைட்" என்றார். அந்தச் சத்தம் கேட்டால் என் உடம்பு நகர்ந்துவிடும், யோசிக்காது. பிடியைத் தளர்த்தி முன்னால் காலை வைத்துவிட்டேன். அவர் முழங்காலில் விழுந்தார். அவருடைய செருப்பு படியில் சிக்கிக்கொண்டிருந்தது, அதற்காக நிறுத்தச் சொல்லியிருக்கிறார். வண்டியை நிறுத்த அவர் எப்போதும் "ஹோல்டான்" என்று கத்துவார். அந்தச் சொல் அவரிடம் இப்போது இல்லை. போகச் சொல்லும் சொல் இருக்கிறது, நிறுத்தச் சொல்லும் சொல் போய்விட்டது. மாமி, அதுதான் உன் அம்மா, என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். காயம் பெரிதில்லை, ஆறிவிட்டது.

நீ வாட்ஸ்அப்பில் எழுதிய பிறகு வெள்ளிக்கிழமை போனேன். அம்மா தாயார் சன்னதிக்குப் போயிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "சாமி, பாப்பா உங்ககிட்ட ஒண்ணு கேட்டுச்சே, அதுக்கு என்ன முடிவு பண்ணுனீங்க?" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். ரைட் என்றார். அது வேண்டாத சொல் என்பதுபோலத் தலையை உதறிவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார். அப்போதும் அதுதான் வந்தது. அப்புறம் அதையே நீளமாக, ஏற்றி இறக்கி, கதை சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டே போனார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இடது கையால் தொடையில் அடித்துக்கொண்டார். நான் போதும் சாமி, போதும் என்று கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அவர் ஏதோ நிறையச் சொல்ல நினைக்கிறார். அது ஆமாம் என்பதிலோ இல்லை என்பதிலோ அடங்குவதாக எனக்குத் தோன்றவில்லை. வேண்டாம் என்று நினைத்தாலும் அவருக்கு வருவது இந்தச் சொல்தான் என்னும்போது, சம்மதம் சொல்லிவிட்டார் என்று நான் எந்த வாயால் எழுதுவேன்? மறுத்துவிட்டார் என்றும் எழுத முடியாது. பஸ்ஸில் எனக்குப் புரிந்ததற்குக் காரணம் வேறு. கண்ணாடியில் கூட்டம் தெரியும், ஆள் ஏறும்போது படி தாழ்வது சீட்டிலேயே தெரியும், இரண்டு பேரும் ஒரே ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். இப்போது அவர் பார்ப்பது எனக்குத் தெரியவில்லை.

என்மேல் வருத்தப்படாதே. உனக்கு ஒரு நல்ல சொல் எழுதக் கூடாதா என்று வீராயி கேட்டாள். பொய்யாவது எழுதியிருக்கலாம்தான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு என்றைக்காவது உனக்குச் சந்தேகம் வந்தால் அப்போது நீ யாரிடம் போய்க் கேட்பாய்?

வேளைக்குச் சாப்பிடு. ஆசீர் தம்பியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பிச்சமுத்து


ஜீயபுரம்,
ஜூலை, திங்கட்கிழமை.

ஹம்ஸா பாப்பாவுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. தெரியாமலே விட்டுவிடலாம் என்றுதான் ராத்திரி வரைக்கும் நினைத்தேன். காலையில் மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

அம்மாவும் கூட இருக்கும்போது கேட்டுவிடலாம், அப்போதுதான் ஒளிவுமறைவு இருக்காது என்று நீ சொன்னது எனக்கும் சரியென்றுதான் பட்டது. கை நடுங்காமல் போனைப் பிடிக்க ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டாய், வந்தேன். அதுவரைக்கும் அன்றைக்கு அவர் நன்றாகத்தான் இருந்தார் பாப்பா. நான் கொண்டுபோன ஏலரிசி வாழைப்பழத்தைச் சாப்பிட்டார். டிவியில் கிரிக்கெட் பார்த்து, ஆள் அவுட்டானதும் இடது கையைத் தூக்கி ஒரு ரைட் சொன்னார். நீ திரையில் வந்ததும் அவர் முகம் மலர்ந்ததை நீயே பார்த்தாய்.

நீ கேட்டாய், "அப்பா, உனக்குச் சம்மதந்தானேப்பா?" என்று. அவர் ரைட் என்றார். உடனே அம்மா குறுக்கே வந்து, "ஏன்னா, இது நமக்கு வேண்டாம்னுதானே சொல்றேள்?" என்றார். அதற்கும் அவர் ரைட் என்றார். பார்த்தியா என்று அம்மா உன்னைக் கேட்டார். பார்த்தியா என்று நீ அம்மாவைக் கேட்டாய். அப்புறம் நீ ஒரு தடவை, அம்மா ஒரு தடவை, மறுபடி நீ, மறுபடி அம்மா. கோர்ட்டில் சாட்சியைக் கூண்டில் ஏற்றி இரண்டு வக்கீலும் இழுப்பது மாதிரி ஆகிவிட்டது. நீ சொன்ன சேதியால்தான் அப்பா விழுந்தார் என்று அம்மா சொன்னதும், நீ போனை வைத்ததும்தான் உனக்குத் தெரிந்த கடைசி.

நீங்கள் இருவரும் பேசும்போது அவர் பக்கம் யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கேட்டால் உன்னைப் பார்ப்பார், மாமி கேட்டால் மாமியைப் பார்ப்பார். இரண்டு பேருக்கும் எதையாவது கொடுத்துச் சமாதானம் பண்ணவேண்டும் என்ற தவிப்பு அவர் முகத்தில் இருந்தது. கொடுக்க அவரிடம் இருந்தது அது ஒன்றுதானே, அதையே இரண்டு பேருக்கும் கொடுத்தார். தான் சொல்லச் சொல்லச் சண்டை பெரிதாகிறது என்று ஒரு கட்டத்தில் அவருக்குப் புரிந்தது. இடது கையைத் தூக்கித் தன் வாயைப் பொத்திக்கொண்டார். நீ வைத்த பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை. நான்தான் மெல்ல எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மாமி காபி கொண்டுவந்து கொடுத்தார். வழக்கமாக டம்ளரைப் பார்த்ததும் ஒன்று வரும், வரவில்லை. நான் கிளம்பும்போது, "வரேன் சாமி" என்றேன். எத்தனை வருஷமாக நான் கிளம்புவதற்கு அவர்தான் சொல்லவேண்டும்! அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சும்மா நின்றுகொண்டிருந்தேன். எனக்கு நகரவே மனம் வரவில்லை.

களைப்பாக இருக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கோபத்தை வைத்துக்கொள்ளாமல் அம்மாவுக்கு ஒரு போன் போடு.

இப்படிக்கு,
பிச்சமுத்து மாமா


ஜீயபுரம்,
ஆகஸ்ட்.

என் அன்புப் பாப்பா ஹம்ஸாவுக்கு,

போன கடிதத்துக்கு நீ ஒரே வரி அனுப்பியிருந்தாய், எல்லாம் என்னால்தான் மாமா என்று. அதற்குப் பிறகு அம்மாவின் போனையும் எடுப்பதில்லை, என் போனையும் எடுப்பதில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒருத்தர் பேசமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார், ராட்டர்டாமில் நீ. நடுவில் நாங்கள் என்ன செய்வது, சொல்.

உன்னால் இல்லை. முதலில் அதை மண்டையில் ஏற்றிக்கொள். அவருக்குப் பிரஷர் ரிட்டையர் ஆவதற்கு முன்பே இருந்தது. மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு போடாமல் வருவார், நான் திட்டினால் அடுத்த ட்ரிப்பில் போடுகிறேன் என்பார். டாக்டரும் அதைத்தான் சொன்னார். மகள் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னதற்காக மனுஷனுக்கு மூளையில் அடைப்பு வராது. இதை அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவரும் இப்போது வாய் திறந்து மறுப்பதில்லை.

அப்பா இன்னும் பேசவில்லை. டிவி பார்ப்பதில்லை. ரஞ்சனி வந்து படம் காட்டினால் கண்ணை மூடிக்கொள்கிறார். அவரைக் கட்டாயப்படுத்தவேண்டாம், சொல் தொலைந்துபோகவில்லை, அவர்தான் விடமாட்டேன் என்கிறார் போலிருக்கிறது என்று அந்தப் பெண் சொல்கிறது. திரும்ப வருமா என்றால், தெரியவில்லை அங்கிள் என்கிறது. படித்த பெண், அதற்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தினமும் பஸ் ஏறிப் போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, டெப்போ கதை பேசிவிட்டு வருகிறேன். பஞ்சப்பூரில் புது பஸ் ஸ்டாண்ட் எவ்வளவு பெரிதாக இருக்கிறது, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று எனக்கே வழி தெரியாமல் சுற்றியதைச் சொன்னேன். பழைய ஆளாக இருந்தால் என்னைக் கிண்டல் பண்ணாமல் விட்டிருக்க மாட்டார்.

இதற்கு அடுத்து நான் எழுதப்போவதை அம்மா உனக்குச் சொல்லமாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

போன புதன்கிழமை நான் உள்ளே நுழையும்போது மாமி அவர் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். தளிகை ஒன்றும் ஆகவில்லை, அடுப்பே ஏற்றவில்லை. நான் வந்ததைக்கூடக் கவனிக்காமல் அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். "அவ அந்தப் பையனையே பண்ணிக்கட்டும்னா. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை. பெருமாள் சாட்சியாச் சொல்றேன். நீங்க ஒரு ரைட் சொல்லுங்கோ, போறும்" என்றார். அவர் மாமியின் தலையில் இடது கையை வைத்தார். வாய் திறக்கவில்லை. மாமி மறுபடியும் சொன்னார். குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி, "ரைட்... சொல்லுங்கோ... ரைட்..." என்று மாமியே சொல்லிக்காட்டினார். அந்த வீட்டில் அந்தச் சொல்லை மாமியின் வாயால் நான் கேட்டது அன்றைக்குத்தான். என்னால் நிற்க முடியவில்லை. தெருமுனைக்குப் போய் டீ குடிப்பதுபோல டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆக, நீ இத்தனை நாள் காத்திருந்த சம்மதம் அம்மாவிடமிருந்து வந்துவிட்டது. சந்தோஷப்படு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். அது மனசார வந்ததா, பயத்தில் வந்ததா என்று நோண்டிக்கொண்டிருக்காதே. ஒருத்தர் சொன்ன சொல்லைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து நாம் பட்டது போதும்.

உன்னிடம் நான் கேட்பது வேறு. போன் போடு. அவரிடம் ஒன்றும் கேட்காதே. எப்படிப்பா இருக்கே என்றுகூடக் கேட்காதே, அதுவும் கேள்விதான், அதற்கும் அவர் பதில் தேட ஆரம்பிப்பார். நீ பாட்டுக்குப் பேசு. இன்றைக்கு என்ன சமைத்தாய், ஆபீஸில் யார் உன்னிடம் வம்பு பண்ணினார்கள், சைக்கிளில் போகும்போது எங்கே விழப்பார்த்தாய் என்று எதையாவது சொல்லிக்கொண்டே இரு. அவர் கேட்கட்டும். காது நன்றாக இருக்கிறது. நீ முன்பு அனுப்பிய பழைய குரல் பதிவுகளை மாமி போட்டுக் காட்டினால் போனைக் காதோடு வைத்துக்கொள்கிறார், முடிந்த பிறகும் எடுப்பதில்லை.

போனோடு நிறுத்தாமல் நேரிலும் வந்தால் நல்லது. தீபாவளிக்கு வரலாம், லீவு சேர்த்துக்கொண்டு வரலாம் என்று தள்ளிப்போடாதே. பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. காலையில் ஒரு இட்லியில் பாதி சாப்பிடுகிறார். சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. இந்த வாரம் டாக்டர் மாத்திரையை மாற்றினார், மறுபடியும் ஒரு தடவை வந்தால் என்று ஆரம்பித்து, மாமியைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். நீ ஒற்றைப் பெண். இதற்கு மேல் எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

வரும்போது ஆசீர் தம்பியையும் கூட்டிக்கொண்டு வா. அவரை எங்கே உட்காரவைப்பது, என்ன சொல்லி அறிமுகப்படுத்துவது என்றெல்லாம் யோசிக்காதே. விமான நிலையத்துக்கு நான் வண்டி கொண்டுவருகிறேன். தம்பி என் வீட்டில் தங்கட்டும், வீராயி மீன் குழம்பு வைத்துத் தருவாள். பகலில் இரண்டு பேரும் போய் அப்பா பக்கத்தில் உட்காருங்கள். ஆசீர்வாதம் கேட்காதீர்கள். அவர் கையைத் தூக்கினால் வாங்கிக்கொள்ளுங்கள், தூக்காவிட்டால் அவர் டம்ளரை எடுத்துக் கொடுங்கள், செருப்பை மாட்டிவிடுங்கள், பேசாமல் கூட இருங்கள்.

மாசி மாதம் அன்றைக்கு அவர் நாளைக்குச் சொல்கிறேன் என்றது என்னவாக இருந்திருக்கும் என்று நானும் யோசிக்காத நாள் இல்லை. எனக்குத் தெரியவில்லை பாப்பா. இனிமேல் தெரியவரும் என்றும் தோன்றவில்லை. அது தெரியாமலேதான் நீ வாழவேண்டியிருக்கும் போலிருக்கிறது. இதை உனக்கு எழுதும்படி ஆகிவிட்டதே என்று எனக்கு ஆறவில்லை.

நீயும் அந்தத் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்காமல், நோய்நொடி இல்லாமல், நல்லபடியாக இருக்க வேண்டும். இதை அப்பா சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. நான் சொல்கிறேன்.

பிச்சமுத்து